விமானியின் கை

சொந்த ஊருக்குப் போய்வர ரயிலில் இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்த தலைமுறை ஒன்று நம்மிடையே இன்னும் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ விமானம் ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் சென்னையில் இறங்குகிறார்கள். ரயில் வண்டியை ஓட்டும் டிரைவரை நிலையத்தில் கண்ணாரக் காணலாம். நீராவி என்ஜின் காலத்தில் அவர் முகத்தில் படிந்த கரியையும் காணலாம். விமானத்தை ஓட்டுபவரோ மூடிய கதவுக்கு அப்பால் இருக்கிறார். ஆகவே பிரயாணிகளிடையே ஒரு பேச்சு பரவியிருக்கிறது. “இக்காலத்தில் விமானத்தை மனிதனா ஓட்டுகிறான்? எல்லாவற்றையும் யந்திரம் பார்த்துக்கொள்கிறது, விமானி காப்பி அருந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்” என்பதே அது. இது பாதி உண்மை. மற்றப் பாதியில் நம்முடைய உயிர் அடங்கியிருக்கிறது. எப்போது யந்திரத்திடம் விடுவது, எப்போது தம் கையில் எடுத்துக்கொள்வது என்று விமானி தீர்மானிக்கும் முறைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

விமானம் பிறந்த நாளில் அதனை ஓட்டுவது மல்யுத்தத்துக்குச் சமானமாக இருந்தது. 1903ஆம் ஆண்டு டிசம்பரில் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானம் தானாக நிலைகொள்ளும் தன்மை அற்றது. ஓட்டுபவர் ஒரு கணம் அயர்ந்தால் அதன் மூக்கு மேலே எழும்பும், அல்லது தரையை நோக்கிச் சாயும். அடுத்த பத்து ஆண்டுகளில் விமானங்கள் பெரிதும் திருந்தின. ஆயினும் மேகத்தினுள் புகுந்த விமானி தொடுவானத்தைக் காணாமல், மேல் எது, கீழ் எது என்று அறியாது தடுமாறி வீழ்வது தொடர்ந்து நிகழ்ந்துகொண்டுதான் இருந்தது.

இக்குறையைப் போக்க முயன்றவர்கள் அமெரிக்கரான எல்மர் ஸ்பெர்ரியும் அவர் மகன் லாரன்ஸ் ஸ்பெர்ரியும் ஆவர். தந்தை, கப்பல்களுக்குச் சுழல் சக்கரத்தால் இயங்கும் திசைகாட்டியைச் செய்து புகழ் பெற்றவர். நம் ஊர்த் தெருக்களில் சாட்டையால் பம்பரம் விட்டவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சை மாற்ற எளிதில் இடம் கொடுப்பதில்லை. அத்தகைய சுழல் சக்கரங்களை விமானத்தினுள் பொருத்தினால், விமானம் சாய்ந்தாலும் சக்கரத்தின் அச்சு சாயாது. இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டை ஒரு கருவி உணர்ந்து, இறக்கையிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைத்து விமானத்தை நேராக்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். இன்றைய விமானங்களில் சக்கரத்துக்குப் பதிலாக ஒளிக்கதிரைக் கொண்டு இதனை அளக்கிறார்கள். கணிப்பொறி கணக்குப் பார்க்கிறது. அடிப்படை மாறவில்லை.

1914ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அருகே பெஸோன்ஸ் என்னுமிடத்தில், ஸேன் நதியின் மீது விமானப் பாதுகாப்புக்கான போட்டி ஒன்று நடந்தது. அப்போது லாரன்ஸுக்கு வயது 21. நீரில் மிதந்து எழும்பும் கர்ட்டிஸ் விமானம் ஒன்றில் அவர் பறந்து வந்தார். கரையில் கூடியிருந்தவர்களுக்கு முன்னே வந்ததும் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். விமானம் நேராகச் சென்றது. மறுமுறை வந்தபோது அவருடைய உதவியாளர் எமில் காஷென் இருக்கையை விட்டு எழுந்து ஓர் இறக்கையின் மீது நடந்து சென்றார். ஒரு புறம் பாரம் ஏறியும் விமானம் சாயவில்லை. சுழல் சக்கரம் அதனைச் சரிசெய்துகொண்டது. மூன்றாம் முறை லாரன்ஸும் எழுந்து மற்ற இறக்கைக்குச் சென்றுவிட்டார். ஓட்டுபவர் இருக்கை காலி! பரிசான 50,000 பிராங்க் அவருக்கே கிடைத்தது. சில வாரங்களில் முதல் உலகப் போர் மூண்டது. அந்த இளைஞர் நெடுங்காலம் வாழவில்லை. 1923 டிசம்பரில் சிறு விமானம் ஒன்றில் தனியே ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது கடலில் விழுந்து மாண்டார்.

‘ஆட்டோபைலட்’ என்று வழங்கும் இக்கருவியைத் தமிழில் எப்படிச் சொல்வது? பகல் முழுவதும் அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கு இயல்பாகவே எழுகிறது. ‘தானியங்கி விமானி’ என்பது வழக்கத்துக்கு வந்துவிட்டது. சொல் அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் சற்று ஏமாற்றுகிறது. அந்தக் கருவி தானாக எதையும் விரும்புவதில்லை, தானாக எங்கும் புறப்படுவதுமில்லை. இந்த உயரத்தில் இரு, இந்தத் திசையில் செல், இந்த வேகத்தில் இறங்கு என்று விமானி ஏவுகிறார், அது செய்கிறது. பிழையாக ஏவினால் பிழையையும் பிசகாமல் செய்யும். ‘ஏவலன்’ என்ற பழைய சொல்லே இதற்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். அகராதிக் குழுக்கள் ஏற்கமாட்டா; இருந்தாலும் இந்தக் கட்டுரை முடியும்வரை அப்படியே அழைக்கிறேன்.

ஏவலன் முதலில் மனிதனின் களைப்புக்கு மருந்தாகவே வந்தான். 1933 ஜூலையில் வைலி போஸ்ட் என்ற ஒற்றைக்கண் விமானி தனி ஒருவராக உலகைச் சுற்றிவந்தார். 7 நாள், 18 மணி, 49 நிமிடத்தில் அப்பிரயாணம் முடிந்தது. அவருடைய விமானத்தில் ஸ்பெர்ரியின் கருவி இருந்தது. அதனிடம் விமானத்தை விட்டுவிட்டு அவர் சற்றே கண்ணயர்வார். கையில் ஒரு திருகுச்சாவியைப் பிடித்து, அதை நூலால் விரலோடு கட்டியிருப்பார். உறக்கம் ஆழ்ந்தால் சாவி நழுவி விரலை இழுத்து எழுப்பிவிடும் என்று சொல்வார்கள். அக்கருவி வழியில் பழுதுபட்டதால் இறங்கிச் செப்பனிட வேண்டியும் நேர்ந்தது. ஏவலனை நம்பலாம், ஆனால் விரலில் நூலைக் கட்டிக்கொண்டுதான் நம்ப வேண்டும் என்பதை அன்றே அவர் அறிந்திருந்தார்.

அதற்கு முந்தின ஆண்டில், 1932 அக்டோபர் 15 அன்று, ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அதைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். நம் நாட்டு விமானப் போக்குவரத்தின் தொடக்கம் அது. ஏவலனும் கிடையாது, வானொலித் தொடர்பும் கிடையாது. கண், கை, வரைபடம் இவையே துணை. அதே பாதையில் 1982ஆம் ஆண்டு, தம் 78ஆம் வயதில், டாடா மீண்டும் ஒருமுறை பழைய சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டிவந்து இறக்கினார். கைப்பழக்கம் என்றால் இதுவல்லவா!

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஏவலன் பன்மடங்கு தேர்ச்சி பெற்றான். நாம் சுதந்திரம் அடைந்த அடுத்த மாதம், 1947 செப்டம்பரில், அமெரிக்க விமானப் படையின் ஸ்கைமாஸ்டர் விமானம் ஒன்று நியூபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கியது. ஆட்கள் உள்ளே இருந்தார்கள். ஆனால் ஏறும்போதோ, பறக்கும்போதோ, இறங்கும்போதோ எவரும் கைப்பிடியைத் தொடவில்லை. பிறகு இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டு மூடுபனியோடு மல்லாடி, பல ஆண்டு ஆராய்ச்சி செய்தார்கள். 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பிரயாணிகளுடன் வந்த டிரைடெண்ட் விமானம், சக்கரம் தரையைத் தொடும் கடைசிக் கட்டத்தையும் ஏவலனின் துணையால் நிறைவேற்றியது. கட்டணம் கொடுத்து ஏறிய பிரயாணிகள் அவ்வாறு இறங்கியது அதுவே முதல் தடவை.

இதன் பலனைத் தில்லியில் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் நேரில் அனுபவிக்கிறார்கள். தை மாதத்து விடியற்காலையில் பாலம் பகுதியில் மூடுபனி கவிந்தால், ஓடுபாதையில் 50 மீட்டர் தூரமே கண்ணுக்குப் புலப்படும் நேரங்கள் உண்டு. விமானமோ நொடிக்கு 60, 70 மீட்டர் வேகத்தில் வருகிறது. அத்தகைய பனியில் எந்த விமானியும், எவ்வளவு அனுபவசாலியாயினும், தம் கையால் இறங்க முற்படுவதில்லை. விதிகளும் அதற்கு இடம் தருவதில்லை. தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றையைப் பற்றிக்கொண்டு ஏவலன் இறக்குகிறான். அதற்குரிய பயிற்சி விமானிக்கும், அதற்குரிய கருவிகள் விமானத்துக்கும் ஓடுபாதைக்கும் இருந்தாக வேண்டும்.

நடுவானிலும் ஏவலனுக்கே ஆட்சி. 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே, ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் விமானங்களுக்கு நடுவே இன்று 1,000 அடியே இடைவெளி. மணிக்கணக்கில் அந்த உயரம் பிசகாமல் காப்பது மனிதக் கைக்குத் தகுந்த வேலையன்று. நெரிசலான வான்வெளியிலும், இரவெல்லாம் விழித்துக் களைத்த நிலையிலும், கோளாறு ஏதேனும் தோன்றி அதைக் குறித்து யோசிக்க வேண்டியபோதும், அறிவுள்ள விமானி கைப்பிடியை ஏவலனிடம் கொடுத்துவிட்டுத் தம் மூளையை வேறு வேலைக்கு ஒதுக்கிக்கொள்கிறார்.

அவ்வாறாயின் கைக்கு என்ன வேலை?

முதலாவதாக, தரையை விட்டு எழும்புவது பெரும்பாலும் விமானியின் கையால்தான். கேமராக்களின் உதவியால் ஒரு பெரிய விமானம் தானே ஓடி எழும்பிய சோதனை 2019 டிசம்பரில்தான் பிரான்ஸ் நாட்டுத் துலூஸ் நகரில் வெற்றி பெற்றது. இறங்குவதும் அப்படியே. வானம் தெளிவாக உள்ள நாட்களில், கடைசிச் சில நிமிடங்களில் விமானி ஏவலனை விடுவித்துவிட்டுத் தாமே இறக்குகிறார். ஓடுபாதைக்குக் குறுக்கே பலமாகக் காற்று வீசினால் ஏவலன் தன் எல்லையைத் தாண்டிவிடுவான். அங்கே மனிதக் கை இன்றியமையாதது. வேறொரு விமானம் எதிர்ப்பட்டு மோதும் அபாயம் நேர்ந்தால், எச்சரிக்கும் கருவி “ஏறு”, “இறங்கு” என்று ஆங்கிலத்தில் குரல் கொடுக்கும். அப்போதும் பெரும்பாலான விமானங்களில் விமானி ஏவலனை விலக்கிவிட்டுக் கையால் விலகிச் செல்கிறார். 1996 நவம்பர் 12 அன்று தில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி அருகில் இரு விமானங்கள் வானத்தில் மோதி 349 பேர் மாண்ட பிறகே நம் நாட்டில் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது.

இடத்தின் அமைப்பும் கையைக் கேட்பதுண்டு. ஹாங்காங்கின் பழைய காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அது இருந்த காலத்தில், வடமேற்கிலிருந்து இறங்கும் விமானங்கள் வானொலிக் கற்றையைப் பின்பற்றி ஒரு குன்றை நோக்கிச் செல்லும். குன்றின் சரிவில் சதுரங்கப் பலகைபோல் இரு வண்ணக் கட்டங்கள் தீட்டியிருந்தார்கள். அவை கண்ணில் பட்டதும் விமானி ஏவலனை விடுவித்து, கௌலூன் நகரத்து மாடி வீடுகளுக்குச் சற்றே மேலாக, வலப்புறம் 47 பாகை திருப்பி, கடலுக்குள் நீண்டிருந்த ஓடுபாதையில் இறக்குவார். மாடிகளில் துணி உலர்த்தியவர்கள் விமானத்தின் சக்கரங்களை நிமிர்ந்து பார்ப்பார்களாம். பூட்டானில் பாரோ பள்ளத்தாக்கிலும் மலைகளைக் கண்ணால் பார்த்துக் கையால் வளைத்தே இறங்குகிறார்கள். தனிப் பயிற்சி பெற்ற விமானிகளுக்கே அங்கு அனுமதி.

இவையெல்லாம் கை கட்டாயமான சமயங்கள். இவை மட்டுமாக இருந்தால் இதைப்பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தேவையே இல்லாதபோதும் சில விமானிகள் வேண்டுமென்றே ஏவலனை நீக்கிவிட்டுத் தாமே ஓட்டுகிறார்கள். தெளிந்த வானம், போக்குவரத்து குறைவு, பக்கத்தில் துணை விமானியின் சம்மதம் ஆகிய மூன்றும் அமைந்தால் 10,000 அடி உயரம்வரை கையாலேயே ஏற்றிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். இது விளையாட்டா, வீம்பா?

1983ஆம் ஆண்டு லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கில உளநூல் அறிஞர் தானியங்கி முறைகளின் முரண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழிற்சாலைகளை மனத்தில் கொண்டு எழுதியதாயினும், விமானத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. எளிய வேலைகளை யந்திரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் இயலாத கடினமான வேலை மட்டும் மனிதனிடம் திரும்பி வருகிறது. ஆனால் எளிய வேலையைச் செய்து செய்துதானே அவன் கை பழகியிருக்க வேண்டும்? அதை அவனிடமிருந்து எடுத்துவிட்டு, நெருக்கடி நேரத்தில் மட்டும் வல்லவனாக இரு என்று கேட்பது எவ்வாறு பொருந்தும்?

அதே ஆண்டு ஜூலை 23 அன்று கானடாவில் ஒரு போயிங் 767 விமானம், எரிபொருளைக் கிலோவுக்குப் பதிலாகப் பவுண்டில் கணக்கிட்ட பிழையால், நடுவானில் இரண்டு என்ஜின்களும் நின்றுபோய் மிதந்தது. தலைமை விமானி ராபர்ட் பியர்சன் ஓய்வு நாட்களில் என்ஜின் இல்லாத சறுக்கு விமானங்களை ஓட்டிப் பழகியவர். சறுக்கு விமானத்தை விலாப்புறமாகச் சாய்த்து உயரத்தைக் குறைக்கும் உத்தியை அந்தப் பெரிய ஜெட் விமானத்தில் கையாண்டு, கிம்லி என்ற கைவிடப்பட்ட படைத்தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

நம் நாட்டு அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1990 பிப்ரவரி 14. மும்பையிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம் புதிய ஏர்பஸ் 320 விமானம், பட்டப்பகலில், தெளிந்த வானத்தில், ஓடுபாதைக்கு முன்னரே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். என்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி, விசையை மிகக் குறைத்து இறங்கும் நிலையில் ஏவப்பட்டிருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை உரிய நேரத்தில் விமானிகள் உணரவில்லை. உணர்ந்து விசையைக் கூட்டியபோது, அடங்கியிருந்த என்ஜின் வேகம்பெறச் சில நொடிகள் ஆகுமே, அந்த நொடிகள் மிஞ்சியிருக்கவில்லை. விசாரணையின் முடிவு விமானிகளைக் குறை கூறியது. அரசாங்கம் அவ்வகை விமானங்களைச் சில மாதங்கள் தரையில் நிறுத்திவைத்தது.

இதில் நான் கவனிக்க விரும்புவது ஒன்று. அப்போது விமானத்தைத் திருப்பும் கைப்பிடி மனிதனிடம் இருந்தது. விசை ஏவலனிடம் இருந்தது. முழுக்க ஏவலனிடம் இருந்தால் அவன் பார்த்துக்கொள்வான். முழுக்கக் கையில் இருந்தால் கை வேகத்தை உணரும். பாதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மற்றப் பாதியை யார் பார்க்கிறார்கள் என்பது மறந்துபோன இடத்திலேயே உயிர்கள் போயின. 23 ஆண்டுகளுக்குப் பின், 2013 ஜூலை 6 அன்று, ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் இதுவே நடந்தது. ஸியோலிலிருந்து வந்த போயிங் 777. அன்றும் தெளிந்த வானம். சரிவைக் காட்டும் வானொலிக் கற்றை வேலையின் பொருட்டு நிறுத்தப்பட்டிருந்ததால், கண்ணால் பார்த்து இறங்க வேண்டியிருந்தது. வேகத்தை ஏவலன் காப்பான் என்று விமானி நம்பினார். ஏவலனோ அவர் அறியாமல் ஒதுங்கியிருந்தான். கடற்கரைச் சுவரில் வால் இடித்தது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். பெங்களூரின் பாடம் பசிபிக் கடலைத் தாண்டிச் செல்லவில்லை போலும்.

ஆனால் உலகத்தையே உலுக்கியது வேறொரு விபத்து. 2009 ஜூன் 1ஆம் நாள் இரவு, ரியோ டி ஜனைரோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம், அட்லாண்டிக்கின் மீது 35,000 அடி உயரத்தில் புயல் மேகங்களுக்கு இடையே பறந்தது. காற்றின் வேகத்தை அளக்கும் சிறு குழல்களில் பனி அடைத்துக்கொண்டது. வேகம் தெரியாத ஏவலன், தன்னால் ஆகாது என்று விமானத்தை மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டான். விமானத்தில் வேறு கோளாறு இல்லை. குழல்களும் ஒரு நிமிடத்துக்குள் சீராகத் தொடங்கின. கைப்பிடியை அசைக்காமல், மூக்கையும் விசையையும் முன்போலவே வைத்திருந்தால் போதும். கையில் எடுத்துக்கொண்ட விமானியோ மூக்கை மேலே தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். வேகம் இழந்த இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்தன. எச்சரிக்கைக் குரல் மீண்டும் மீண்டும் ஒலித்தது. நான்கரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் வீழ்ந்தது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தின் பதிவுக் கருவிகள் கடலின் அடியிலிருந்து 2011இல்தான் எடுக்கப்பட்டன. அவ்வளவு உயரத்தில், மெல்லிய காற்றில், கையால் ஓட்டும் பயிற்சி அந்த விமானிகளுக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை என்று மறு ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை எடுத்துக் காட்டியது.

2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், ஏற்ற சமயங்களில் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்குமாறு விமானக் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. எல்லாக் கம்பெனிகளும் மனமார ஏற்றன என்று சொல்வதற்கில்லை. கையால் ஓட்டினால் விமானம் ஏவலன் ஓட்டுவதைப்போல் அத்தனை வழுவழுப்பாகச் செல்லாது. சிறிது எரிபொருள் கூடுதலாகும். ஒவ்வோர் அசைவையும் பதிவுக் கருவி குறித்துவைப்பதால், வேகமோ உயரமோ சற்றுப் பிசகினால் விமானி விளக்கம் கூற வேண்டிவரும். ஏவலனிடம் விட்டுவைத்தால் எவரும் எதையும் கேட்கப்போவதில்லை. அரசாங்க உத்தியோகம் பார்ப்பவனுக்கு இந்த மனநிலை புரியாத ஒன்றன்று! பயிற்சிக் கூடத்திலுள்ள மாதிரி விமானத்தில் ஆண்டுக்கு இருமுறை பழகினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. மாதிரி விமானத்தில் நெருக்கடி வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து உட்காருகிறார்கள்; உண்மையான நெருக்கடி அப்படி வருவதில்லை. ஆதலால் வானம் வெளுத்த நாளில், சிறிது குலுங்கினாலும் பரவாயில்லை என்று தம் கையால் ஓட்டும் விமானியின் பக்கமே நான் நிற்பேன்.

அடுத்தமுறை சென்னைக்குப் போகும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வானம் தெளிவாக இருந்து, விமானம் வங்கக் கடலின் பக்கமிருந்து மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும்போது, வீடுகளும் சாலைகளும் சன்னலில் பெரிதாகத் தொடங்கும். அநேகமாக அந்த நேரத்தில் விமானி கைப்பிடியில் உள்ள சிறு பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். விமானியின் அறையில் ஒரு மணியொலி எழுகிறது. அது பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்குக் கேட்பதில்லை. ஆனால் அதுவரை ஒரே சீராகச் சென்ற இறக்கை, அங்குமிங்குமாகச் சற்றே அசைந்து அசைந்து நேராவதைக் காணலாம்.